சோதனையா, சத்தியமா? நிரலின் உறுதிக்கூற்றுகளும் கம்பைலரின் வேகமும்

ஒரு முழு எண்ணை 32-ஆல் வகுக்கும் ஒரே ஒரு வரியைச் சி மொழியில் எழுதி, கம்பைலர் அதற்கு உருவாக்கும் இயந்திரக் கட்டளைகளைப் பிரித்துப் பாருங்கள். 32 என்பது இரண்டின் ஐந்தாம் அடுக்கு. பிட்டுகளை ஐந்து இடம் வலப்பக்கம் நகர்த்தினால் வேலை முடிந்தது என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அந்த நகர்த்தலுக்கு முன்னால் இரண்டு மூன்று கட்டளைகள் கூடுதலாக நிற்கும். காரணம் குறை எண்கள். -1-ஐ 32-ஆல் வகுத்தால் சி மொழியின் விதிப்படி விடை 0. பிட்டுகளை நகர்த்தினாலோ -1 வரும். அந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட, எண் குறை எண்ணாக இருந்தால் முதலில் 31-ஐக் கூட்டிவிட்டுப் பிறகு நகர்த்த வேண்டியிருக்கிறது.

அந்த மாறியில் வருவது கிடங்கில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். அது ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பது எழுதியவருக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. மாறியைக் குறியற்ற வகையாக அறிவித்தால் இந்த ஒரு சிக்கல் தீரும். ஆனால் 'இந்த அரேயின் நீளம் எப்போதும் எட்டின் மடங்கு' போன்ற அறிவையெல்லாம் சி மொழியின் வகைகளுக்குள் அடைக்க முடிவதில்லை. அவற்றை நிரலாளர்கள் வேறோர் இடத்தில் எழுதிவைக்கிறார்கள்: அசெர்ட் என்னும் உறுதிக்கூற்றில்.

அப்படியானால், நிரலில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் உறுதிக்கூற்றுகளைக் கம்பைலர் படித்து, அவற்றை நம்பி வேகமான கட்டளைகளை உருவாக்கக் கூடாதா? கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, மொழி வடிவமைப்பாளர்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. அதன் எல்லாப் பக்கங்களையும் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வேர்கள்

உறுதிக்கூற்று கணினியின் வயதுடையது. 1947-இல் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் நிரல் திட்டமிடல் பற்றி எழுதியபோது, ஓட்டப்படங்களில் உறுதிக்கூற்றுக்கென்றே தனிப்பெட்டிகளை வரைந்தார்கள். அந்தப் பெட்டி எந்த வேலையையும் செய்யாது. 'இந்த இடத்துக்கு வரும்போது இன்னின்னது உண்மை' என்று மட்டும் சொல்லும்.

1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் ஆலன் டூரிங் இதையே மேலும் கூர்மையாக்கினார். நீளமான கூட்டல் கணக்கில் ஒவ்வொரு பத்தியிலும் மேலே கொண்டுபோகும் எண்ணைக் குறித்துவைத்தால், சரிபார்ப்பவர் பத்தி பத்தியாகத் தனித்தனியே சரிபார்க்கலாம். நிரலிலும் இடையிடையே உறுதிக்கூற்றுகளை எழுதிவைத்தால் அதே வசதி கிடைக்கும் என்றார். பெருக்கல் கட்டளை இல்லாமல், கூட்டலை மட்டும் வைத்து ஃபேக்டோரியல் காணும் ஒரு நிரலை எடுத்து அதைச் செய்தும் காட்டினார். 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் இந்தச் சிந்தனைக்குக் கணித அடித்தளம் அமைத்தார்கள்.

இந்த முன்னோடிகளின் உறுதிக்கூற்று மனிதர் படிப்பதற்கானது, நிரூபணத்துக்கான படிக்கல். நிரல் ஓடும்போது கணினியே அதைச் சோதித்து, பொய்த்தால் நிரலை நிறுத்திவிடும் வழக்கம் பின்னால் பரவியது. கம்பைலர் அதைப் படித்து நம்பும் என்பது அதற்கும் அடுத்த கட்டம். ஒரே வாக்கியத்துக்கு இப்படி மூன்று வாசகர்கள் சேர்ந்ததில்தான் இன்றைய குழப்பத்தின் தொடக்கம் இருக்கிறது.

ஒரே நிபந்தனை, மூன்று நிலைகள்

'எண்ணிக்கை பூஜ்யம் அல்லது அதற்கு மேல்' என்ற ஒரு நிபந்தனையை எடுத்துக்கொள்வோம்.

முதல் நிலை, சோதனை உயிரோடு இருப்பது. நிபந்தனை பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. தோல்விப் பாதை நிரலை நிறுத்தும் ஃபங்ஷனுக்குப் போகிறது, அது திரும்பி வராது என்பது கம்பைலருக்குத் தெரியும். ஆகவே அடுத்த வரியை எட்டியிருந்தால் நிபந்தனை உண்மை என்று அது தானாகவே முடிவுகட்டும். உயிரோடு இருக்கும் சோதனை கம்பைலருக்கு அறிவையும் தருகிறது. அதற்கு ஈடாக ஓர் ஒப்பீடும் ஒரு கிளையும் செலவாகின்றன.

இரண்டாம் நிலை, சோதனை நீக்கப்படுவது. சி மொழியில் என்டீபக் என்ற மேக்ரோவை வரையறுத்துவிட்டால் அசெர்ட் வரிகள் எதுவும் செய்யாத வெற்று வரிகளாகிவிடும். ரிலீஸ் பில்டுகளில் இது வழக்கம். செலவு போய்விடுகிறது, அதோடு அறிவும் போய்விடுகிறது. வேகத்துக்காகச் சோதனையை நீக்கிய அதே இடத்தில், வேகத்துக்கு உதவக்கூடிய தகவலும் அழிந்துபோகிறது.

மூன்றாம் நிலை, எடுகோள். சோதனை கிடையாது, ஆனால் நிபந்தனை உண்மை என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். செலவின்றி அறிவு கிடைக்கும். நிபந்தனை என்றாவது பொய்த்தால் நிரல் என்ன செய்யும் என்பதற்கு மொழி எந்தப் பொறுப்பும் ஏற்காது. 'வரையறுக்கப்படாத நடத்தை' என்று சி குடும்பத்தில் சொல்வது இதைத்தான்.

அசெர்ட் என்பது நிரலாளர் தன்னையே சந்தேகித்து வைக்கும் சோதனை. எடுகோள் என்பது அவர் கம்பைலரின் கையில் அடித்துக் கொடுக்கும் சத்தியம். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதியவரின் மனநிலையோ நேர் எதிரானது.

மொழிகள் தந்த கருவிகள்

கம்பைலருக்குச் சத்தியம் செய்துகொடுக்கும் பழக்கம் அசெர்ட்டுக்கு வெளியேதான் முதலில் வளர்ந்தது. ஒரு துணைநிரலுக்குத் தரப்படும் இரண்டு அரேக்களில் ஒன்றில் எழுதினால் மற்றொன்று மாறாது என்று ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த மொழியின் விதி. கிரே கணினிகளின் ஃபோர்ட்ரானில் ஐவிடெப் என்ற குறிப்பு இருந்தது. 'இந்த லூப்பில் தடையாகத் தெரியும் சார்புகளைப் பொருட்படுத்தாதே, வெக்டராக்கு' என்பது அதன் பொருள். சி மொழிக்கு இதுபோன்ற நோஎலியஸ் என்ற சொல்லைச் சேர்க்கும் முயற்சி 1988-இல் நடந்தபோது, மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே கடுமையாக எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. வேறு வடிவில், ரெஸ்ட்ரிக்ட் என்ற பெயரில், 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் அது இடம்பிடித்தது.

நிபந்தனையை நேரடியாகச் சொல்லும் கருவிகள் அடுத்து வந்தன. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அசூம் என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. ஜிசிசி கம்பைலரின் 2010-இல் வந்த 4.5 பதிப்பு, 'இந்த இடத்தை நிரல் ஒருபோதும் எட்டாது' என்று சொல்லும் அன்ரீச்சபிள் வசதியைத் தந்தது. 'நிபந்தனை பொய்யானால் எட்டாத இடம்' என்று எழுதினால் அதுவே எடுகோளாகிவிடும். எல்எல்விஎம் கட்டமைப்பில் 2014-இல் எடுகோளுக்கெனத் தனிக் கட்டளை சேர்ந்தது. இப்படி ஆளுக்கொரு வடிவமாகக் கிடந்ததை சி++ தரக்குழுவுக்கு டிமூர் டூம்லர் வைத்த முன்மொழிவு ஒன்றாக்கியது. சி++23 தரத்தில் அசூம் என்ற பண்புக்குறி வந்தது அதன் வழியாகத்தான். ரஸ்ட் மொழி 2024-இல் 1.81 பதிப்பில் அசெர்ட் அன்செக்ட் என்ற ஃபங்ஷனை நிலைப்படுத்தியது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, லினக்ஸ் கெர்னலில் எங்கும் காணப்படும் லைக்லி, அன்லைக்லி குறிப்புகள். அவை 'இந்தக் கிளை அடிக்கடி நடக்கும், இது அரிதாக நடக்கும்' என்று மட்டுமே சொல்கின்றன. கணிப்பு தவறினால் நிரல் சற்று மெதுவாக ஓடும், விடை மாறாது. எடுகோள் தவறினால் விடையே மாறும்.

எங்கே பலன் கிடைக்கிறது

கம்பைலர் எல்லா நிபந்தனைகளையும் புரிந்துகொள்வதில்லை. அதற்குப் பிடிபடுபவை எண்ணின் வரம்பு, கடைசிச் சில பிட்டுகள் பூஜ்யமா என்பது, நினைவக முகவரியின் சீரமைப்பு, பாயின்டர் வெறுமையா என்பது போன்றவை. 'இந்த அரே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது' என்று எடுகோள் எழுதினால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய அதற்குத் தெரியாது.

பலன் அதிகம் கிடைப்பது லூப்புகளில். ஒலியின் மாதிரிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கும் லூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 256 பிட் அகலமுள்ள வெக்டர் பதிவேட்டில் எட்டு ஃபுளோட் எண்கள் ஒரே நேரத்தில் அடங்கும். நீளம் எட்டின் மடங்கா என்று தெரியாததால், எட்டெட்டாகச் செய்யும் லூப்புக்குப் பின்னால் மிச்சமுள்ள ஒன்று முதல் ஏழு வரையானவற்றை ஒவ்வொன்றாகச் செய்யும் வால்பகுதியையும் கம்பைலர் எழுதியாக வேண்டும். நீளம் பூஜ்யமாகவும் இருக்கலாம் என்பதால் முன்னால் ஒரு சோதனையும் வரும். ஒலி மென்பொருளில் இந்த நீளம் பெரும்பாலும் 64, 128, 256 என்று முன்பே முடிவானது. 'நீளம் பூஜ்யத்தைவிடப் பெரிது, 32-இன் மடங்கு' என்று சொல்லிவிட்டால் வால்பகுதியும் முன்சோதனையும் போய்விடும். நேர நெருக்கடி உள்ள ஒலிச் செயலாக்கத்தில் இது உண்மையான ஆதாயம்.

ரஸ்ட் மொழியில் இன்னொரு காட்சி. ஒரு ஸ்லைஸின் 0, 1, 2, 3 ஆகிய நான்கு இடங்களைக் கூட்டும் வரியை எழுதினால், கம்பைலர் நான்கு எல்லைச் சோதனைகளை வைக்கும். நான்கையும் ஒன்றாக்க அதனால் முடியாது. தோற்றால் வரும் பிழைச் செய்தியில் எந்த இடத்தில் தோற்றது என்ற எண் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் தோற்க வேண்டியதை மூன்றாவது இடத்தில் தோற்றதாகச் சொன்னால் நிரலின் நடத்தை மாறிவிடும். நிரலாளர் முதல் வரியில் 'நீளம் நான்கு அல்லது அதற்கு மேல்' என்று சாதாரண அசெர்ட் எழுதினால், அந்த ஒரு சோதனை மட்டும் மிஞ்சி மற்ற நான்கும் மறைந்துவிடும். ரஸ்டின் அசெர்ட் ரிலீஸ் பில்டிலும் நீக்கப்படுவதில்லை. பாதுகாப்பில் ஒரு துளியும் குறையாமல் வேகம் கூடுகிறது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்த உதாரணத்தை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடுகோளால் வேகம் குறைவதும் உண்டு. நிபந்தனையில் பயன்படும் மதிப்புகளை அதற்காகவே கம்பைலர் கடைசிவரை கையில் வைத்திருக்க நேர்கிறது. 'இந்த மதிப்பு ஒரே ஓர் இடத்தில்தான் பயன்படுகிறது' என்றால் மட்டும் செய்யக்கூடிய மாற்றங்கள் தடைப்படுகின்றன. அசெர்ட் எல்லாவற்றையும் எடுகோளாக மாற்றினால் நிரல் முழுதும் பறக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது.

சத்தியம் பொய்த்தால்

2009-இல் லினக்ஸ் கெர்னலில் வெளிப்பட்ட ஓட்டை, இந்த விவாதத்தில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது. டன் என்ற வலைப்பின்னல் டிரைவரில் ஒரு ஃபங்ஷன், முதல் வரியில் ஒரு பாயின்டரின் வழியாக ஒரு மதிப்பை எடுத்தது. சில வரிகள் கழித்து, 'அந்தப் பாயின்டர் வெறுமையாக இருந்தால் பிழை என்று சொல்லித் திரும்பு' என்று சோதித்தது. வரிசை தலைகீழாகிவிட்டது, மனிதத் தவறுதான். ஆனால் கம்பைலர் பார்த்த விதம் வேறு. வெறுமைப் பாயின்டர் வழியாக மதிப்பை எடுப்பது வரையறுக்கப்படாத நடத்தை. ஆகவே எடுத்த கணமே அது வெறுமை அல்ல என்று நிரலாளர் சத்தியம் செய்துவிட்டார், பின்னால் வரும் சோதனை தேவையற்றது. இப்படி முடிவுகட்டி அந்தச் சோதனையை நீக்கியது. நினைவகத்தின் பூஜ்ய முகவரியில் தன் தரவை வைக்க வழி கண்டுபிடித்த தாக்குபவருக்கு, கெர்னலின் அதிகாரத்தையே கைப்பற்றும் கதவு திறந்தது. இப்படிச் சோதனைகளை நீக்க வேண்டாம் என்று ஜிசிசிக்குச் சொல்லும் தேர்வை அதன்பின் கெர்னல் நிரந்தரமாக்கிக்கொண்டது.

இங்கே யாரும் அசூம் என்று எழுதவில்லை. மொழியின் விதியே மறைமுகமான எடுகோளாகச் செயல்பட்டது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2013-இல் ஸ்டாக் என்ற கருவியை உருவாக்கி, கம்பைலர் இவ்வாறு தூக்கியெறியக்கூடிய வரிகளைப் பல மென்பொருள்களில் தேடினார்கள். அதுவரை யாரும் அறியாத 160 பிழைகள் அகப்பட்டன.

வெளிப்படையான எடுகோளும் இதே குணமுடையது. ஆண்டின் மாதத்தை வைத்துப் பன்னிரண்டு கிளையாகப் பிரியும் ஸ்விட்ச் ஒன்றில், 'மாதம் 1 முதல் 12 வரைதான்' என்று எடுகோள் சொன்னால், கம்பைலர் வரம்புச் சோதனையை விட்டுவிட்டு முகவரிப் பட்டியலிலிருந்து நேரே தாவும். கெட்டுப்போன ஒரு கோப்பிலிருந்து 13 வந்தால், பட்டியலுக்கு அப்பால் நினைவகத்தில் என்ன இருக்கிறதோ அதை முகவரியாக நினைத்துத் தாவும்.

பாதிப்பு பின்னோக்கியும் போகும். 'எண் குறை எண்ணானால் பிழைக் கணக்கில் ஒன்றைக் கூட்டு' என்று எழுதி, அடுத்த வரியிலேயே 'எண் குறை எண் அல்ல' என்று எடுகோள் வைத்தால், அந்தக் கூட்டலையே கம்பைலர் நீக்கிவிட உரிமை உண்டு. தவறைக் கண்டுபிடிக்க வைத்த வரியே தவறு நடக்கும் நாளில் இருக்காது.

இரண்டையும் ஒன்றாக்கலாமா?

ரிலீஸ் பில்டில் அசெர்ட் தானாகவே எடுகோளாக மாறட்டும் என்று சொல்வோரின் வாதம் தர்க்கத்தில் வலுவானது. அசெர்ட் பொய்த்த நிரல் ஏற்கெனவே தவறான நிரல். தவறான நிரலின் நடத்தையைக் காப்பாற்றுவதற்காகச் சரியான நிரல்களின் வேகத்தை ஏன் இழக்க வேண்டும்? டி மொழியை உருவாக்கிய வால்டர் பிரைட் இந்தப் பக்கம் நிற்பவர். ஜிக் மொழி இதை நடைமுறையாகவே ஆக்கியிருக்கிறது. அதன் அசெர்ட் ஃபங்ஷன் 'நிபந்தனை பொய்யானால் எட்டாத இடம்' என்ற ஒரே வரி. பாதுகாப்பான பில்டில் அது நிரலை நிறுத்தும், அதிவேக பில்டில் எடுகோளாகும்.

எதிர்த்தரப்பின் வாதம் அனுபவத்திலிருந்து வருவது. பல ஆண்டுகளாக எழுதப்பட்ட அசெர்ட் வரிகளில் கணிசமானவை, 'இது உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் எனக்கு முழு நிச்சயமில்லை' என்ற மனநிலையில் எழுதப்பட்டவை. நிச்சயமில்லை என்பதால்தான் சோதனையே வைத்தார்கள். அவற்றின் அர்த்தத்தைப் பின்னாளில் சத்தியமாக மாற்றினால், எவ்வளவு கவனமாக அசெர்ட் எழுதினாரோ அவ்வளவு ஆபத்தை அந்த நிரலாளர் சம்பாதிப்பார். கவனமுள்ளவரைத் தண்டிக்கும் விதி நல்ல விதியாகாது.

சி++ தரக்குழுவில் இந்த மோதல் பெரிய அளவில் நடந்தது. ஃபங்ஷனுக்கான நிபந்தனைகளை நிரலிலேயே எழுதிவைக்கும் கான்ட்ராக்ட்ஸ் என்ற உடன்படிக்கை வசதி 2018-இல் ராப்பர்ஸ்வில் கூட்டத்தில் சி++20-க்கென ஏற்கப்பட்டு, 2019 ஜூலையில் கொலோன் கூட்டத்தில் திரும்பப் பெறப்பட்டது. சோதிக்கப்படாத உடன்படிக்கையைக் கம்பைலர் நம்பலாமா என்பது அப்போது தீராமல் நின்ற சிக்கல்களில் முக்கியமானது. 2025 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஹாகன்பெர்கில் சி++26-க்கென அது மீண்டும் ஏற்கப்பட்டபோது நான்கு நடத்தைகள் மட்டுமே இருந்தன: கண்டுகொள்ளாதே, கவனித்துச் சொல், தடுத்து நிறுத்து, உடனே நிறுத்து. 'நம்பி எடுத்துக்கொள்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத்தான் சி++23-இல் அசூம் என்ற தனிச்சொல் வந்துவிட்டது. சோதனைக்கு ஒரு சொல், சத்தியத்துக்கு இன்னொரு சொல் என்று பிரித்ததை நான் மிகச் சரியான தீர்ப்பு என்று கருதுகிறேன்.

இடைவழிகள்

சத்தியமும் வேண்டும், பொய்த்தால் பிழைக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சிஎம்யூ காமன் லிஸ்ப் கம்பைலர் வகை அறிவிப்புகளை உறுதிக்கூற்றாகவே நடத்தியது. முதலில் ஒருமுறை சோதிக்கும், பிறகு அந்த அறிவை நம்பிச் செம்மையாக்கும். பாதுகாப்பு அளவைப் பூஜ்யமாக்கினால் மட்டுமே சோதனையை விட்டு நம்பும். அதன் வழிவந்த எஸ்பிசிஎல் இன்றும் அதே கொள்கையில் நடக்கிறது.

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழல்கள் ஓடும்போதே மொழிபெயர்க்கின்றன. 'இதுவரை இந்த மாறியில் முழு எண்தான் வந்தது, இனியும் அதுதான் வரும்' என்று ஊகித்து வேகமான கட்டளைகளை எழுதுகின்றன. வாசலில் ஒரு சிறு காவல் சோதனையை வைக்கின்றன. ஊகம் பொய்த்தால் வேகமான வடிவத்தைக் கைவிட்டு மெதுவான, சரியான வடிவத்துக்குத் திரும்புகின்றன. செல்ஃப் மொழி ஆய்வில் 1990-களின் தொடக்கத்தில் முதிர்ந்த உத்தி இது.

மூன்றாவது வழி டூரிங்கின் வழி, அதாவது நிரூபிப்பது. அடா மொழியின் ஸ்பார்க் வடிவத்தில், எல்லைச் சோதனை எதுவும் தோற்காது என்பதை நிரூபணக் கருவியால் உறுதிசெய்துகொண்ட பிறகு சோதனைகளை நீக்கலாம். இங்கே கம்பைலர் நம்புவது சத்தியத்தை அல்ல, சான்றை.

அளந்து பார்த்தபின்

கடைசியாக, இந்தச் சத்தியங்களால் மொத்தத்தில் எவ்வளவு லாபம்? வரையறுக்கப்படாத நடத்தையைக் கம்பைலர் பயன்படுத்திக்கொள்வதால் கிடைக்கும் வேகத்தை ஆய்வாளர்கள் லூசியன் போபெஸ்குவும் நூனோ லோபெஸும் எல்எல்விஎம்மில் அளந்து 2025-இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த நிரல்களில் முழு நிரல் அளவிலான ஆதாயம் மிகக் குறைவு. வேகம் குறைந்த இடங்களிலும் கம்பைலரில் சிறு மாற்றங்களாலோ இணைப்பு நேரச் செம்மையாக்கத்தாலோ பல சமயம் அதை மீட்க முடிந்தது. ஒலிச் செயலாக்கம் போன்ற குறிப்பிட்ட லூப்புகளில் எடுகோள் பலன் தரும் என்பதை இது மறுக்கவில்லை. நிரல் முழுதும் அள்ளித் தெளிக்கும் மருந்து அது ஆகாது என்பதை உணர்த்துகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடைமுறைக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில், அறிவை வகையிலேயே சொல்ல முடிந்தால் அங்கே சொல்லுங்கள். அது போதாதபோது லூப்புக்கு வெளியே ஓர் உயிருள்ள அசெர்ட்டை வையுங்கள். ஒருமுறை நடக்கும் சோதனையின் செலவு அளவிடவே கடினமானது, அது தரும் அறிவோ லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் பயன்படும். அளந்து பார்த்து, அந்த ஒரு சோதனையும் சுமை என்று தெரிந்தால் மட்டும் எடுகோளுக்குப் போங்கள். அப்போதும் டீபக் பில்டில் அது சோதனையாக மாறும்படி எழுதுங்கள். ரஸ்டின் அசெர்ட் அன்செக்ட் அப்படித்தான் நடக்கிறது, சி++-இல் ஒரு சிறு மேக்ரோ போதும். வெளியிலிருந்து வரும் தரவைப் பற்றி, கோப்போ வலைப்பின்னலோ பயனர் தட்டியதோ எதுவானாலும், எடுகோள் எழுதவே எழுதாதீர்கள். நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்கு நாம் சத்தியம் செய்ய முடியாது.

கிடங்குப் பெட்டிகளின் எண்ணிக்கைக்குத் திரும்புவோம். அதை 32-ஆல் வகுக்கும் வரி நொடிக்குச் சில முறை ஓடுகிறது என்றால், அந்த இரண்டு மூன்று கூடுதல் கட்டளைகள் அப்படியே இருக்கட்டும். கோடிக்கணக்கான முறை ஓடும் லூப்புக்குள் அது இருக்கிறது என்றால், லூப்புக்கு முன்னால் ஒருமுறை சோதித்துவிட்டுக் குறியற்ற வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். கூடுதல் கட்டளைகள் மறைந்துவிடும். எண்ணிக்கை என்றாவது தவறிப்போய்க் குறை எண்ணாக வந்தால், நிரல் அந்த இடத்திலேயே நின்று நமக்குச் சொல்லும்.